பூஜையில் வைத்த போன்

போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அது ஆயுத பூஜைப் பலகையின் மேல் கிடந்தது. ஒரு பக்கம் அப்பாவின் ஸ்பேனர்கள். இன்னொரு பக்கம் நான் நோயாளிகளுக்கு வைக்கிற கரண்ட் மெஷின். நடுவில் என் கணவனின் போன். திரையில் அம்மா வைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். அடிக்க அடிக்க அது நடுங்கி, எலுமிச்சம்பழத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. குங்குமத்துக்குக் கீழே பெயர் தெரிந்தது. சால்வோ.

சால்வோ ஒரு ஏஜென்ட். இத்தாலியில் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு கிளப் பிடித்துத் தருகிற ஆள். தசரா சமயத்தில்தான் அங்கே சீசன் தொடங்கும். அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டால் ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஒரு கிளப்பில் எவனுக்கோ அடிபட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு ஜாக்கோமோ வேண்டும், உடனே.

ஜாக்கோமோ என் கணவன். 'கணவர், அவர்' என்று எழுதினால் வாசகர்களுக்கு நன்றாக இருக்கும் என்று இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். வீட்டில் அவனை டா போட்டுத்தான் கூப்பிடுகிறேன். பத்திரிகைக்காக நடிக்க முடியாது.

பலகையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவன் மட்டும் வலது காலை நேராக நீட்டியிருந்தான். அந்த முட்டி முழுசாக மடங்காது.

"மாமா, எடுக்கலாமா?" என்று என் அப்பாவைக் கேட்டான்.

"பூஜையில வச்சாச்சு மாப்ள. இனிமே நாளைக்குத்தான்."

ஜாக்கோமோ இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். போன் எலுமிச்சம்பழத்தில் முட்டி நின்றது.

பொய் சொல்கிற முட்டி

நான் பிசியோதெரபிஸ்ட். கல்யாணத்துக்கு முன்னால் மைசூரு கோகுலத்தில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். யோகா கற்றுக்கொள்ள வருகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் அங்கே பாதிக்கூட்டம். உடம்பைச் சரிசெய்யக் கடல் தாண்டி வந்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள்.

அப்படி வந்தவன்தான் இவன். கட்டில் போதவில்லை, கால் வெளியே தொங்கியது. முட்டியைப் பிடித்து அழுத்தி, "வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை."

இன்னும் அழுத்தினேன். "இப்போது?"

"இல்லை."

நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. கட்டில் விளிம்பைப் பிடித்த கை வெளுத்துப்போயிருக்கிறது. இல்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்வதற்கு எதற்கு இங்கே வந்தாய்? ஹோட்டல் அறையிலேயே படுத்துக்கொண்டு சொல்லலாமே" என்றேன்.

அவன் சிரித்தான். அவனுடைய தொழிலில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு என்பதைப் பிறகுதான் சொன்னான். கிளப்பின் பிசியோ கேட்பது கோச்சுக்குப் போகும், கோச் சொல்வது முதலாளிக்குப் போகும். வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால் அடுத்த வாரம் அவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான். பதினாறு வயதிலிருந்து 'இல்லை' சொல்லிச் சொல்லி, பிறகு வாய் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

நான் கல்யாணம் செய்துகொண்டது அந்த முட்டியோடும்தான்.

அப்பாவுக்கு அவன் வெள்ளைக்காரன் என்பதோ வேறு மதம் என்பதோ பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் அரக்கோணத்திலிருந்து மைசூரு ரயில்வே பணிமனைக்கு ஃபிட்டராக வந்து, அங்கேயே ரிட்டயர் ஆனவர். அவர் கேட்டது வேறு.

"பந்து வெளையாடறது வேலையா?"

"வேலைதான்ப்பா."

"பர்மனென்ட்டா?"



கொடுக்கிறவன்

ஜாக்கோமோ ஆடியது பாயிண்ட் கார்டு. அணியில் குட்டையானவன் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்பான். எங்கள் வீட்டு நிலைவாசலில் தலை இடிக்கிற இவன் அங்கே குட்டை. பந்தைத் தட்டிக்கொண்டு கொண்டுவர வேண்டும். யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கத்த வேண்டும். திட்டு வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒருமுறை மொபைலில் ஒரு மேட்ச் காட்டினேன்.

"நம்ம மாப்ளதான் கூடையில போடறவரா?"

"இல்லம்மா. போடறவனுக்குக் கொடுக்கறவன்."

"அப்ப கைதட்டல் யாருக்கு?"

"போடறவனுக்கு."

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சரிதான் போ. பந்தியில பரிமாறுறவ மாதிரி. கடைசில இவருக்குச் சாப்பாடு இருக்குமா இருக்காதா?"

அதைவிடச் சரியாக அந்த வேலையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சின்ன வயதில் அவனும் பெரிய கனவோடுதான் போயிருக்கிறான். முதல் டிவிஷனில் ஒரு சீசன், அதுவும் பெரும்பாலும் பெஞ்சில். பிறகு இரண்டாவது. கல்யாணமாகி நான் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவதுக்கு இறங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருடமும் ஒரு ஊர். ஒரு வருடம் கடலோரம், ஜன்னலைத் திறந்தால் மீன் வாசனை. அடுத்த வருடம் பனி மூடிய தொழிற்சாலை ஊர், மத்தியானம் மூன்று மணிக்கே விளக்கு போட வேண்டும். நான் கறிவேப்பிலைச் செடி ஒன்றைத் தொட்டியில் வைத்து ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது ஊரில் அது செத்தது.

என் படிப்பு அங்கே செல்லாது. முதியோர் இல்லங்களில் கிழவர்களை எழுப்பி உட்காரவைக்கிற வேலை செய்தேன். அந்த வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இருவரில் மூட்டை கட்டப்பட்டது ஒவ்வொரு முறையும் என் வேலைதான். அதைச் சொல்லாமல் இந்தத் தொடரை எழுதுவதில் அர்த்தமில்லை.

அங்கே எனக்குப் பிடிக்காத இன்னொன்று, கிளப்புகள் ஒரு ஆட்டக்காரனை அனுப்புகிற விதம். ஊசி போட்டு ஆடவைப்பார்கள். ஜெயித்தால் தோளில் தூக்குவார்கள். சீசன் முடிந்ததும் லாக்கரைக் காலி செய்யச் சொல்வார்கள். போய் வா என்று ஒரு வார்த்தை கிடையாது. பிறகு போன் வரும், அல்லது வராது. வராவிட்டால் நீ முடிந்துவிட்டாய். அதை நீயே புரிந்துகொள்ள வேண்டும். அப்பா ரிட்டயர் ஆன அன்று பணிமனையிலிருந்து மாலை போட்டு, பலகாரப் பெட்டியோடு, ஒரு கூட்டமே அவரை எங்கள் பகுதியான அக்ரஹாரம் வரை நடத்திக் கூட்டிவந்து வீட்டில் விட்டது. ஒரு ஃபிட்டருக்குக் கிடைத்தது அது. அதை நினைத்து நினைத்துத்தான் அங்கே நான் எரிந்துகொண்டிருப்பேன்.

இந்தப் பூஜைக்கு முந்தைய கோடை முழுக்கப் போன் வரவில்லை. இன்னொரு சீசன் ஆடினால் அந்த முட்டியை எடுத்துவிட்டு இரும்பு வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் மைசூருக்கு வந்தோம். அப்பா வீட்டின் முன்னறையில் ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, ஒரு மெஷின் வைத்து நான் சொந்தமாகக் கிளினிக் தொடங்கினேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்கள் வந்தார்கள், கழுத்து திரும்பாத கோயில் அர்ச்சகர் வந்தார். வாசலில் என் பெயர் போட்ட பலகை.

ஜாக்கோமோ காலையில் வாக்கிங் போகிறேன் என்று கிளம்புவான். வாக்கிங் இல்லை. சாமுண்டி மலைப் படிகளில் ஓடிவிட்டு வருவான். வீங்கின முட்டியை முழுநீளப் பேன்ட்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்காருவான். வீட்டில் எப்போதும் லுங்கி கட்டுகிறவன் எதற்குப் பேன்ட் போடுகிறான் என்று தெரியாதா எனக்கு? கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் அவன் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: "உனக்காகத்தான் விட்டேன்." ஒரு கிழவனாக ஆகும்வரை அவன் அதைச் சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் வாழ முடியாது.

எனக்கு அந்தப் பயம்தான். அவன் போவது ஒரு பயம் என்றால், என் காரணமாக அவன் போகாமல் நிற்பது அதைவிடப் பெரிய பயம்.

ஒழுகின குழாய்

இப்போது எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் அந்த ஒரு நாள்தான் எங்களைப் பணிமனைக்குள் விடுவார்கள். லேத் மெஷினுக்கு வாழைக்கன்று கட்டியிருக்கும். எண்ணெய் வாசனையும் சாமந்தி வாசனையும் சேர்ந்து அடிக்கும். பொரியில் கூட கொஞ்சம் கிரீஸ் வாசனை இருக்கும். பொட்டு வைத்த பிறகு மறுநாள் வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் எடுத்து, சாஸ்திரத்துக்காவது ஒருமுறை வேலை செய்துவிட வேண்டும்.

இந்த விஷயத்தில் அப்பா விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒரு வருடம் பூஜை முடிந்த கையோடு சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஒரு திருகு திருகினால் நின்றுவிடும். ஸ்பேனர் பலகையில் பொட்டோடு இருக்கிறது. அப்பா தொடவில்லை. பக்கெட்டை வைத்துவிட்டு, நிரம்ப நிரம்ப எடுத்துக் கொட்டிக்கொண்டே இருந்தார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

இந்த முறை அப்பா வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் கேட்டார். அம்மா அரிவாள்மனையை வைத்தாள். நான் மெஷினை வைத்தேன்.

"மாப்ள, உங்க ஆயுதம் எது?"

ஜாக்கோமோ உள்ளே போய்ப் பந்தையும் ஷூவையும் கொண்டுவந்தான்.

"ஷூவா? சாமி முன்னாடியா? பேடவே பேடா!" என்று அம்மா கத்தினாள். வேண்டவே வேண்டாமாம். கோபம் வந்தால் அம்மாவுக்குக் கன்னடம்தான் வரும்.

"ஏன், எஞ்சின் சக்கரத்துக்குப் பொட்டு வைக்கறமே, அது என்னத்தையெல்லாம் மிதிச்சிட்டு வருதுன்னு பாத்தியா?" என்றார் அப்பா.

"அது எஞ்சின்!"

"இது அவருக்கு எஞ்சின்."

அம்மா ஷூவைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் தேய்த்துக் கழுவி, வாழையிலை போட்டு அதன்மேல் வைத்தாள். பந்துக்கு ஒரு சாமந்தி மாலை சுற்றினாள். கருப்புக் கோடுகளுக்கு நடுவே சந்தனத்தைப் பட்டை பட்டையாகப் பூசி, மேலே குங்குமத்தை அப்பினாள்.

அப்பா அதோடு விடவில்லை. "அந்தப் போனையும் வைங்க மாப்ள. எப்பப் பாத்தாலும் அதத்தான் கையில வச்சிருக்கீங்க. வேல அதுலதான வருது?"

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. ஜாக்கோமோ கொஞ்சம் தயங்கிவிட்டு வைத்தான்.

கற்பூரம் அணைவதற்குள் அது அடித்துவிட்டது.

"எடுடா"

முதல் தடவை அடித்து நின்றது. இரண்டாவது தடவை ஆரம்பித்தது.

வேண்டாம் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குங்குமப் பொட்டினால் இவன் தொழில் முடியக்கூடாது. முடிந்தால் அந்தப் பழி என் வீட்டின் மேல் விழும், என் அப்பாவின் மேல் விழும்.

"எடுடா," என்றேன்.

அப்பா என்னை முறைத்தார். "ஏய், வச்சத எடுக்கச் சொல்றியா?"

"நீங்க சும்மா இருங்கப்பா. டேய், எடுத்துப் பேசு. போறதுன்னா போ. அப்புறம் என் தலையில போடாத."

"மாமா நாளைக்கு சொன்னார்," என்றான் ஜாக்கோமோ.

"மாமா பின்னாடி ஒளியாத!"

அவன் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவன் மொழியில் சொன்னான்: "இத்தனை வருஷம் இது அடித்தால் ஓடினேன். குளியலறையிலிருந்து ஓடினேன், சாவு வீட்டிலிருந்து ஓடினேன். இது அடிப்பதை உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பார்க்க விடு."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

அன்று பகலில் இன்னும் சில தடவை அடித்தது. பிறகு சார்ஜ் தீர்ந்து தானாகவே அடங்கியது. ஜாக்கோமோ ஒரு கிண்ணம் பொரி கடலை சாப்பிட்டான். கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை. சீசன் ஆரம்பிக்கிற மாதத்தில் அவன் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "வேல போச்சா அவருக்கு?" என்றாள்.

"தெரியலம்மா."

"போன மாதிரிதான் தூங்கறாரு."

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முடிவு எடுத்துவிட்டானா, தள்ளிப்போடுகிறானா? கேட்கவும் மனமில்லை.

விஜயதசமி

காலையில் அப்பா ஸ்பேனரை எடுத்து ஒழுகாத குழாயை ஒரு திருகு திருகினார். அம்மா ஒரு கத்தரிக்காயை நறுக்கினாள். நகரம் முழுக்க யானை ஊர்வலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் இடம் பிடிக்கப் போகிறவர்கள் பாயும் தண்ணீர் பாட்டிலுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஜாக்கோமோ போனை எடுத்தான். துடைக்காமல் அப்படியே சார்ஜில் போட்டான். உயிர் வந்ததும் சால்வோவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எங்கள் எல்லோர் முன்னாலும்.

அங்கே விடிந்துகூட இருக்காது. ஆனாலும் சால்வோ கத்தினான். எங்கே தொலைந்தாய்? கடலோர கிளப், பழைய கோச், உன்னைத்தான் கேட்கிறார்கள், சீசன் முடிய ஒப்பந்தம், இன்று மத்தியானம் வரைதான் காத்திருப்பார்கள், டிக்கெட் போடட்டுமா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

"வேண்டாம் சால்வோ. நான் முடித்துவிட்டேன்."

 சால்வோ குரலைத் தாழ்த்திக் கேட்டான். "யார் சொன்னது? உன் மனைவியா?"



"இல்லை. அவள் உன் போனை எடுக்கச் சொல்லித்தான் கத்தினாள்," என்றான் ஜாக்கோமோ. "யாரும் சொல்லவில்லை. நானேதான்."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மார்பில் இத்தனை வருடம் ஏற்றிவைத்திருந்த ஒரு அரிசி மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அழவில்லை. முதலில் ஏப்பம்தான் வந்தது. உண்மை அதுதான்.

அப்பாவுக்கு இத்தாலி மொழி புரியாது. "என்ன மாப்ள, வேல கெடச்சுதா?"

"கெடச்சுது மாமா. வேண்டாம் சொல்லிட்டேன்."

"அப்ப ரிட்டயர்மென்ட்டா?"

"ஆமா மாமா. ரிட்டயர்மென்ட்."

அப்பா பலகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "மாலை இல்லாம எப்படி?" என்றார். பந்தைச் சுற்றியிருந்த சாமந்தி மாலையை எடுத்தார். எட்டவில்லை. ஜாக்கோமோ குனிந்தான். அப்பா போட்டார்.

"நேத்துப் பூவப் போடறீங்களே!" என்றாள் அம்மா.

"இன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர முடியுமா? ரோடெல்லாம் அடைச்சிட்டான். வாங்க மாப்ள, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரலாம். நடத்திக் கூட்டிட்டு வந்து வீட்ல விடணும். அதான் முறை."

அவர்கள் இருவரும் முன்னால், நானும் அம்மாவும் பின்னால். தெருமுனை வரை போய்த் திரும்பினோம். ஆயுதத்தை ஒருமுறையாவது உபயோகிக்க வேண்டுமே, ஜாக்கோமோ பந்தைத் தட்டிக்கொண்டே வந்தான். பந்து தரையில் பட்ட இடமெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. ஸ்கூட்டரில் போன எதிர்வீட்டுக்காரர் நிறுத்தி, என்ன விசேஷம், கல்யாணமா என்று கன்னடத்தில் கேட்டார்.

"ரிட்டயர்டு ஆதரு," என்றார் அப்பா, தன் மகனைச் சொல்கிற மாதிரி.

"இஷ்டு பேகனா?" என்றார் அவர். இவ்வளவு சீக்கிரமா என்று.

ஜாக்கோமோவுக்கு அவ்வளவு கன்னடம் தெரியும். "லேட்டு சார்," என்றான். "தும்பா லேட்டு." ரொம்ப லேட்டாம்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது கடைசிப் பொட்டுகள் மங்கலாக விழுந்தன. அம்மா யார் தெருவைக் கழுவுவது என்று புலம்பிக்கொண்டே உள்ளே போனாள்.

என் மெஷினை நான் இன்னும் எடுக்கவில்லை. அன்று நோயாளி யாரும் வரப்போவதில்லை. ஜாக்கோமோவை முன்னறைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். மாலையைக் கழற்றாமலே படுத்தான். கால் வழக்கம்போல வெளியே தொங்கியது. பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, விரலால் ஓரத்தில் அழுத்தினேன். மெதுவாகத்தான் அழுத்தினேன்.

"வலிக்குதா?"

அவன் கூரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"வலிக்குது," என்றான். "ரொம்ப வலிக்குது."